ஒட்டுவாரொட்டி இல்லை

என் தலையில் செதில் உதிர ஆரம்பித்தபோது எல்லோரும் பொடுகு என்றுதான் சொன்னார்கள். எலுமிச்சை, புளித்த தயிர், வெந்தயம் என்று ஆளுக்கொரு மருந்து. தாராவியில் எங்கள் சந்துக்குள் இத்தனை வைத்தியர்கள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் தேய்த்தேன். எரிச்சல்தான் மிச்சம்.

பிறகு மெடிக்கல்காரர், கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றபடியே என் நெற்றி ஓரத்தைப் பார்த்து, "யே தாத் ஹை, கர் மே சப்கோ ஹோ ஜாயேகா" என்றார். படர்தாமரையாம், வீட்டில் எல்லோருக்கும் வந்துவிடுமாம். ஒரு ட்யூப் கொடுத்தார். தடவினால் அடங்கும், நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்பும்.

கூட வந்திருந்த மதினிக்கு, என் கணவரின் அக்காவுக்கு, அந்த ஒரு வார்த்தை போதும். அன்றே எனக்குச் சீப்பு, துண்டு, தலையணை எல்லாம் தனியாகின. "ஒட்டுவாரொட்டிளா, பிள்ள தலையத் தொட்டுறாத" என்றார். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அன்றிலிருந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டது மதினிதான். ரிப்பனைக்கூட நான் எடுத்துத் தரக் கூடாது. எனக்கு வயிறு எரியும். ஆனால் பிள்ளைக்கு வந்துவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது, தள்ளியே நின்றுகொண்டேன்.

மகள் எட்டாவது படிக்கும்போதுதான் சர்க்கார் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் போனேன். தலையைக் காட்டப் போனவளிடம் அந்த அம்மா முதலில் கை நகங்களைக் கேட்டார். நகங்களில் ஊசியால் குத்தியதுபோல் சின்னக் குழிகள். முழங்கையிலும் தடிப்பு, காய்ப்பு என்று நினைத்திருந்தேன். பொடுகுச் செதில் மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருக்குமாம். படர்தாமரை என்றால் முடி ஒடிந்து சொட்டை விழுமாம். என்னுடையதோ தடித்து, வெள்ளை வெளேரென்று அடுக்கடுக்காக இருந்தது. கொஞ்சம் சுரண்டி எடுத்துச் சோதித்தும் பார்த்தார்கள்.

"சொரியாசிஸ். யாருக்கும் ஒட்டாது" என்றார் இந்தியில். முழுதாகப் போகாது, அடங்கும், திரும்ப வரும் என்றார். நான் ஒட்டாது என்பதை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அங்கேயே அழுதுவிட்டேன்.

மதினி நம்பவில்லை. "டாக்டருக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவா." செதிலை ஊறவைக்க எண்ணெய் மருந்து, தார் கலந்த ஷாம்பு, ஒரு லோஷன் என்று சொன்னபடி போட்டு வந்தேன். சில மாதங்களில் தலை சுத்தமானது.

மதினி ஒரு கல்யாண வீட்டுக்காக, மும்பையின் இன்னொரு கோடியில் இருக்கும் சீத்தா கேம்புக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், மகளைக் கூப்பிட்டேன். "வா ளா, தல பின்னி விடுதேன்."

"நீங்களா உம்மா?"

மறுக்காமல் வந்து உட்கார்ந்தாள். முடி அடர்த்தியாக, மெத்தென்று இருந்தது. இத்தனை வருடமும் அது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கழுத்தை விறைப்பாக வைத்திருந்தாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். பின்னி முடித்ததும், "நல்லாருக்கு உம்மா" என்று சிரித்துவிட்டு எழுந்து போனாள்.

எங்கள் வீட்டில் சாயங்காலம் யாரும் குளிப்பதில்லை. குழாயில் காலையில்தான் தண்ணீர் வரும்; அதுவரை டிரம்மில் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். குளிக்கிற இடமான மோரியில் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமல், மகள் அந்தத் தண்ணீரை மக்கு மக்காகத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.