முந்நூறு முறை மலையேறிய ரெமிஜியஸ்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஜீவனஹள்ளி ரெமிஜியஸ் ஆறு வருடம் மறைத்தார். வயது ஐம்பத்தெட்டு. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். ஒரு ஈ எறும்புக்கும் கெடுதல் நினைக்காத மனிதர், பாவம்.

சர்க்கரை ஏறியிருக்கிறது, நடங்கள் என்றார் டாக்டர். ஊருக்கு வெளியே ஒரு குன்று. உயரம் சொற்பம்தான், ஆனால் வழுக்குப் பாறையும் முள்ளுமாக முரட்டுக் குன்று. சனிக்கிழமைதோறும் ஒரு நடைக்குழு அதில் ஏறும். ரெமிஜியஸுக்கோ ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும். இந்த லட்சணத்தில் மலையா? அடிவாரத்தில் கோவிந்தப்பாவின் வண்டியில் தட்டளவு அகலமான தட்டே இட்லி தின்றுவிட்டு வீடு திரும்புவார்.

வருகை நோட்டை மேலே சுமக்கச் சோம்பல்பட்டு, குழுவினர் அதே வண்டியில் வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டவர் ஏறியவர். முதல் கையெழுத்து எப்போதும் ரெமிஜியஸுடையது; தங்களுக்கு முன்பே ஏறி இறங்கிவிடுகிறார் என்று குழுவினர் நம்பினார்கள். மனைவி பிரிஜெட் சர்ச்சில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரர் மலையேறுறவரு" என்பாள். அந்தப் பெருமையை உடைக்க அவருக்கு மனம் வரவில்லை.

வினை சால்வை ரூபத்தில் வந்தது. முந்நூறாவது கையெழுத்துக்கு, குழுத் தலைவர் ஸ்ரீகண்டன் பாராட்டு விழா ஏற்பாடு செய்தார். மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகை, சால்வை, பழக்கூடை. இடம், உச்சி. பிரிஜெட்டும் பட்டுப்புடவையில் கிளம்பிவிட்டாள். குட்டு உடைந்தால் இவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்தபடியே ரெமிஜியஸும் கிளம்பினார்.

"நீங்க முன்னாடி போங்க சார், உங்க வழியில நாங்க வர்றோம்," என்றார் ஸ்ரீகண்டன்.

முதல் பாறையிலேயே தலை சுற்றியது. ரெமிஜியஸ் மண்டியிட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று முனகியபடி தவழ்ந்தார்.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் வேறு. "சார் வேண்டுதல்ல ஏறுறாரு," என்று யாரோ கிசுகிசுத்தார்கள். உடனே எல்லோரும் ஷூவைக் கழற்றினார்கள். அதுவும் போதாதென்று ஸ்ரீகண்டன் மண்டியிட்டார். பேங்க் மேனேஜர், டீச்சர், ரிட்டயர்டு இன்ஜினீயர் என்று இருபது பேர் பின்னாலேயே தவழ்ந்தார்கள். பழக்கூடையை ஒருவர் தலையால் முட்டிமுட்டித் தள்ளிக்கொண்டு வந்தார்.

உச்சியில் பேட்டா சூட்டியபோதும் ரெமிஜியஸ் கண் திறக்கவில்லை. ஜெபிக்கிறார் என்று மற்றவர்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

பிரிஜெட் அவர் காதோரம் குனிந்தாள். "நீங்க ஏறுனதே இல்லன்னு எனக்குத் தெரியும். ஒரு நாளாவது ஷூல மண்ணு ஒட்டியிருக்கா?"

ரெமிஜியஸ் கண்ணை லேசாகத் திறந்தார். "அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"சனிக்கெழம காலையில மூணு மணி நேரம் வீடு எனக்கே எனக்குன்னு இருந்துச்சு. கேட்டா அதுவும் போயிருக்கும்."

"சர்ச்சுல அவ்ளோ பெருமையா சொன்னியே?"

"நீங்க நிறுத்திடக் கூடாதேன்னுதான்," என்றாள் பிரிஜெட். பேட்டாவை அவர் தலையில் சரியாக அமர்த்தினாள். "அடுத்த வாரமும் வருவீங்கல்ல?"