சாகேபின் தமிழ்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் சுதீர் பேண்ட்சேக்கு விழுந்த கைத்தட்டலில் முக்கால்வாசி ஜெயசீலிக்கு விழுந்தது. அந்த மனுஷன் இதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. வக்கீல், மூன்று முறை எம்.எல்.ஏ., நிறையப் படித்தவர், கேம்ப்புக்கே சாகேப். ஆனால் மேடையில் அவர் பேசும் ஹிந்தி அரைவேக்காட்டுச் சோறு. பக்கத்தில் இன்னொரு மைக்கோடு நின்று அதைத் தமிழில் சொன்னவள் ஜெயசீலி. மாட்டுங்காவில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் உட்கார்ந்து ஹிந்தியும் மராத்தியும் பழகியிருந்தாள்.

"எல்லா மக்களும் சமம்" என்று சாகேப் வறட்டுக் குரலில் சொல்வார். இவள் மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு, "எவனாவது வந்து வெளிய போன்னா, மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க, இது எங்க எடம்ல, நீ போலன்னு!" என்பாள். கேம்ப்பே அதிரும். அவர் ஒன்று சொன்னால் இவள் ஒன்றரை சொல்வாள். அந்த அரையில்தான் ஓட்டு இருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, அவர் செய்ததும் லேசுப்பட்டதல்ல. பண்டிகை நாளில் கறிக்கடையை மூடச் சொன்னபோது, என் அடுப்பில் என்ன வேகிறது என்று பார்க்க அரசாங்கம் யார் என்று சட்டசபையில் சண்டை போட்டார். ஜெபக்கூடத்தில் கல் விழுந்தபோது ஓடி வந்து வாசலில் உட்கார்ந்தார். வேறு மதத்தில் கல்யாணம் கட்டுவதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு மசோதா வந்தது. அதை எதிர்த்து விடாமல் பேசினார். அந்தச் சமயத்தில்தான் ஜெயசீலியின் மகள் ஸ்வீட்டி, கட்டினால் சிராஜைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். சபையும் சொந்தபந்தமும் சேர்ந்து குதித்தன. சாகேப் ரிஜிஸ்டர் ஆபீசுக்கே வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இந்த மனுஷனுக்காக உயிரையும் கொடுக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தாள், பைத்தியக்காரி.

அப்புறம் கேம்ப்பை இடித்துக் கட்டும் திட்டம் வந்தது. வீடு வீடாக அளக்க வந்தவர்கள் "பாத்ர", "அபாத்ர" என்று மராத்தியில் பேசிக்கொண்டே போனார்கள். கீழ்வீட்டுப் பானுமதி தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்: "யக்கா, பாத்திரம் குடுக்காவளாம்! நமக்கும் உண்டாம்!" அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எலெக்ஷன் வந்தால் குக்கர் வந்து இறங்குகிற ஊர்தானே!

ஜெயசீலிக்குச் சிரிப்பு வரவில்லை. புது வீடு பெறத் தகுதி உள்ளவர் பாத்ர, தகுதி இல்லாதவர் அபாத்ர. தரைவீட்டுக்காரர்களுக்கு இங்கேயே வீடு. இரும்பு ஏணியில் ஏறிப் போகிற மாடிவீட்டுக்காரர்களை ஊருக்கு வெளியே எங்கேயோ கொண்டுபோய்த் தள்ளுவார்கள். ஜெயசீலி இருப்பது மாடியில். ஸ்வீட்டி தவழ்ந்ததும் புருஷன் ஜாபெஸ் கண்ணை மூடியதும் அங்கேதான். இருந்தாலும் சாகேப் விட்டுவிட மாட்டார் என்று நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அவருடைய உதவியாளன் அஷ்வத், மாட்டுங்கா தமிழ்ப் பையன், மேடைக்குப் பின்னால் வந்து பதவிசாகச் சொன்னான்.

"ஆன்ட்டி, சார் திட்டத்தை ஆதரிச்சுப் பேசப் போறார். அபாத்ரங்கற வார்த்தை வரும். நீங்க அதை மாற்று ஏற்பாடுன்னு மாத்திச் சொல்லிடுங்கோ. நீங்க சொன்னா ஜனங்க கேப்பா."

யாரைக் கட்டலாம், எதைத் திங்கலாம், யாரைக் கும்பிடலாம், எல்லாவற்றுக்கும் ஜெயசீலிக்கு உரிமை உண்டாம். எங்கே குடியிருக்கலாம் என்பதற்கு மட்டும் கிடையாதாம்! அந்த வாயை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் சமம் சமம் என்று பேசியிருக்கிறார். அதை இனிக்க இனிக்கச் சொன்னது இவள் வாய்.

சாகேப் பேசினார். நவீன நகரம் என்றார், வளர்ச்சி என்றார். இவள் ஒப்புக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியில், "ஜோ அபாத்ர் ஹை..." என்று இழுத்து, அவர்கள் கொஞ்சம் தள்ளிப் போக வேண்டியிருக்கும் என்று முடித்தார். முடித்துவிட்டு, இவளுடைய தமிழுக்குப் பிறகு வழக்கமாக எழும் கைத்தட்டலுக்காகக் கும்பிட்டபடி நின்றார்.

முன்வரிசை முழுக்க ஜெபக்கூடத்துப் பெண்கள். அந்த வார்த்தை அவர்களுக்குப் புதிதல்ல. அபாத்திரமாய், தகுதியில்லாமல், யாரும் அப்பத்துக்குக் கை நீட்டக் கூடாது என்று திருவிருந்துக்கு முன்னால் பாஸ்டர் எச்சரிப்பார். பாவம் செய்தவள் தலைகுனிந்து பின்னால் நிற்பாள்.

ஜெயசீலி மைக்கைப் பிடித்தாள்.

"மாடியில இருக்க எல்லாரும் கேளுங்க. நாம அபாத்திரமாம். திருவிருந்துல கேப்போம்லா, அதே வார்த்தைதான். நமக்கு இங்க பந்தி கெடையாதாம், எந்திரிச்சு வெளிய போவணுமாம். சாகேப் சொல்லுதாரு."

ஒரு கை தட்டவில்லை. தரைவீட்டுப் பானுமதிதான் முதலில் எழுந்தாள். பாத்திரம் வாங்க மடித்துக் கொண்டுவந்திருந்த பையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். அவள் பின்னால் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

கும்பிட்ட கை அப்படியே நிற்க, சாகேப் பல்லைக் கடித்தார். "க்யா போலா தும்னே?" என்ன சொல்லித் தொலைத்தாய் என்று ஹிந்தியில் கேட்டார்.

"நீங்க சொன்னத மட்டும்தான் சாப்," என்று ஹிந்தியில் சொன்னாள் ஜெயசீலி. "இத்தனை வருஷமா கூடச் சேத்துச் சொன்னேன். இன்னைக்குச் சேக்கல."