எட்டாம் அடுக்குக்குப் போன ஓடு

அகழாய்வுக் குழியிலிருந்து வரும் பானை ஓடோ மணியோ எலும்போ, அவள் எண் போடாமல் கொட்டகையை விட்டு நகராது. முதலில் மண் சுமக்கத்தான் வந்தாள். குழி, மண் அடுக்கு, ஆழம் எல்லாம் சீட்டில் எழுதுகிற ஆள் ஒருநாள் வரவில்லை. கையெழுத்து நன்றாக இருக்கிறதே என்று இவளை உட்காரவைத்தார்கள். பதினான்கு வருஷம் ஓடிவிட்டது. எல்லோருக்கும் அவள் நம்பர் அக்கா. அப்பேர்ப்பட்டவளுக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

ஓடுகளைக் கழுவுகிறவள் அவளுடைய நாத்தனார். கழுவியதைக் கோணியில் குவியல் குவியலாகக் காயப்போட்டு, ஒவ்வொன்றுக்கும் அதன் சீட்டை வைத்து, பறக்காமல் கல்லும் வைக்கவேண்டும். அன்று இரண்டு குவியலுக்குக் கல் வைக்க மறந்தாள். அடித்த காற்றில் இரண்டு சீட்டும் போய்விட்டன. ஐந்தாம் அடுக்கு எது, எட்டாம் அடுக்கு எது? நம்பர் அக்கா சீட்டுகளைப் பொறுக்கி வந்து தோராயமாக வைத்தாள். ஆமாம், தோராயமாக! அவளுக்கு அந்தக் கேடுகெட்ட புத்தி எங்கிருந்து வந்ததோ.

எட்டு என்று எண் போட்ட குவியலில் ஓர் ஓட்டில் எழுத்து கீறியிருந்தது. கீழே போகப் போகக் காலம் பழசு. அகழாய்வு இயக்குநர் சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார்.

"எட்டாம் அடுக்குல எழுத்தா! எழுத்தோட காலம் இருநூறு வருஷம் முன்னால போகுதும்மா!"

அது தோராயமாகச் சீட்டு வைத்த குவியல். அதற்குப் பிறகு அவளுக்கு வண்டிச் சத்தம் கேட்டாலும் பயம், அவர் கூப்பிட்டாலும் பயம், கூப்பிடாவிட்டாலும் பயம்.

"வாயை மூடிக்கிட்டு இருங்க அண்ணி. ரெண்டு பேர் வேலையும் போயிடும்" என்றாள் நாத்தனார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா?"

"பூசணிக்காயா? இத்துனூண்டு ஓடு அண்ணி!"

நம்பர் அக்கா சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடேயே அழுகையும் வந்தது.

நான்காம் நாள் மத்தியானம் இயக்குநரின் அறிக்கை மேலிடத்துக்குப் போகிறது என்றார்கள். போனது போகட்டும், வேலை போனால் மறுபடி மண் சுமப்போம் என்று பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். காற்றையும் சீட்டையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கல் வைக்காதது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அறிக்கையை எடுத்து ஓரமாக வைத்தார். பதிவேட்டை வாங்கிப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனார்.

"இதுல மொத்தம் எத்தனை எண் இருக்கு?"

"பதினோராயிரத்து முந்நூத்து நாப்பது சார்."

"வேற எதெல்லாம் இப்படி?"

வேலை போகும் என்றுதான் பயந்திருந்தாள். இந்தக் கேள்வி வரும் என்று அவள் நினைக்கவே இல்லை. பதினான்கு வருஷமும் அவர் மேசைமேல் விரிந்து கிடந்தது. எத்தனை மழை, எத்தனை அவசரம், எத்தனை சாயங்காலம் கண் சொருக எழுதியது.

"இது ஒண்ணுதான் சார்" என்றாள்.

சொன்னது அவள் காதுக்கே பொய் மாதிரி கேட்டது.