நான் எழுதாமல் விட்ட பெயர்

ராணுவத்தில் எனக்குப் பெரும்பாலும் கேட் காவல்தான். இருபத்துநாலு வருஷம், வருகிறவர் பெயரையெல்லாம் பதிவேட்டில் எழுதுவதும் அவர்களைச் சந்தேகப்படுவதும்தான் வேலை. ஓய்வு பெற்று விக்கிரமசிங்கபுரம் வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை.

முன்னாள் படைவீரர் அட்டைக்காகப் பாளையங்கோட்டை போயிருந்தேன். அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை வாசலில், நரைத்த மீசைக்காரர் ஒருவர் என்னை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, டிஸ்சார்ஜ் புக்கைக் காட்டுங்க, பாத்துத் தாரேன். துட்டெல்லாம் வேண்டாம்."

துட்டு வேண்டாம் என்றதும் சந்தேகம் கூடியது. பணிவிவரமும் குடும்பத்தார் பெயரும் பதிந்த அந்தப் புத்தகத்தை ஒரு கையால் பிடித்தபடியே காட்டினேன். அவர் குனிந்து படிக்கும்போது, போலீஸுக்கு உதவுமென்று, மறுகையால் போனில் அவரைப் படமெடுத்தேன்.

"உங்களுக்கு எத்தன பிள்ளைய?"

"அது உமக்கு எதுக்குவே?"

அவர் கோபப்படவில்லை. "இங்கன பையன் பேரு மட்டுந்தான் இருக்கு, அதான் கேட்டேன். நானும் பட்டாளத்துல இருந்தவன்தான். எம் மக பேர இதுல ஏத்தாம விட்டுட்டேன். காலேஜ்ல பட்டாளத்துக்காரங்க பிள்ளையளுக்குள்ள கோட்டா அவளுக்குக் கிடைக்கல. இன்னைக்கும் எங்கிட்ட சரியாப் பேசமாட்டா."

பிடியை விட்டுப் புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். மகள் பிறந்தபோது எல்லையில் இருந்தேன். பிறப்புச் சான்றிதழை யூனிட்டில் கொடுப்பதை அடுத்த லீவு, அடுத்த லீவு என்று தள்ளியே மறந்துவிட்டேன். இப்போது அவள் பிளஸ் டூ.

அவரே உட்கார்ந்து மனு எழுதித் தந்தார். கோடை விடுமுறைக்குள் பெயர் ஏறிவிட்டது.

அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. கேட்டைக் கடந்த ஒவ்வொருவர் பெயரையும் நான் எழுதினேன். என் மகள் பெயர் இல்லையென்று பார்த்தவர் அவர்தான்.