பாராட்டிய பிறகே சாப்பாடு

துறைமுகத்தில் என்னுடன் கிரேன்களின் மின்பகுதியைப் பார்க்கும் தோழி மும்பைக்காரி, யூதப் பெண். வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன் தன் மாடி வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி ஓய்வுநாளைத் தொடங்குவாள். பெண்ணை விரும்பும் பெண்களும் ஆணை விரும்பும் ஆண்களும் அங்கே ஜோடியாகவே வரலாம். யூதராக இருக்க வேண்டியதில்லை, பசி இருந்தால் போதும் என்பாள். விளக்கேற்றிய பின் அவள் எந்த சுவிட்சையும் தொடமாட்டாள் என்பதால் மின்விசிறி, விளக்கு, காபி கெட்டில் எல்லாவற்றையும் முன்பே சரிபார்ப்பது என் வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை முதல்முறையாக என்னவளை அங்கே அழைத்துப் போனேன். பஜாரில் அப்பாவின் பாத்திரக்கடையை நடத்துகிறவள். நாங்கள் ஒரே வீட்டில் இருந்தாலும் ஊருக்குத் தோழிகள்தான். படியேறும்போதே நிபந்தனை போட்டாள்.

“ஏளா, யாரு கேட்டாலும் ஃப்ரெண்டுன்னு சொல்லு. மாத்திச் சொன்னே, அப்படியே எறங்கிப் போயிருவேன்.”

உள்ளே ஏற்கெனவே இரண்டு ஆண்கள். மூத்தவர் அவளைப் பார்த்ததும், “பாத்திரக்கடை அக்கால்லா!” என்றார்.

அவள் முகம் வெளிறியது. ஆனால் வியாபாரி அல்லவா, உடனே திருப்பிக் கொடுத்தாள். “நீங்க அண்ணன் தம்பின்னு சொல்லி இட்லிக் கொப்பரை வாங்கிட்டுப் போனவியதானே?”

“அதே அண்ணன் தம்பிதான்” என்றார் இளையவர். அறையே சிரித்தது.

தோழி மெழுகுவர்த்திகளை ஏற்றி, சுடரின் மேல் கைகளை மூன்று முறை சுழற்றி, கண்களைப் பொத்திக்கொண்டு ஜெபித்தாள். முடித்துக் கையை எடுத்தால், என்னவள் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

“திருநீறு எங்கன இருக்கு?” என்று என் காதில் கேட்டாள்.

“இங்க கிடையாது. ரொட்டிதான்.”

ரொட்டி சடைபோல் பின்னி, துணியால் மூடியிருந்தது. அதைப் பிட்கும் முன் ஒரு வழக்கம் உண்டு என்றாள் தோழி. அவள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் அப்பா அம்மாவைப் புகழ்ந்து பாடுவாராம். இங்கே கணவன் மனைவி என்ற கணக்கு இல்லாததால், யாரோடு வந்தோமோ அவரைப் பாராட்ட வேண்டும்.

மூத்தவர் தொடங்கினார். “இவன் வைக்கிற ரசம் வாயில வைக்க முடியாது. ஆனா நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருப்பான்.”

அடுத்து எல்லோரும் என்னவளைப் பார்த்தார்கள். அவள் கதவைப் பார்த்தாள். நான் அவசரமாக, “இவ என்னோட ஃப்ரெண்டு, சும்மா பாத்துட்டுப் போலாம்னு...” என்று ஆரம்பித்தேன்.

“நீ சும்மா இரி” என்று என் கையை அழுத்தினாள். “ஃப்ரெண்டு இல்ல. இவ என் வீட்டுக்காரி. சண்டை போட்டாக்கூட முதல் பாயிண்ட், ரெண்டாவது பாயிண்ட்டுன்னுதான் போடுவா. எனக்குக் காய்ச்சல் வந்தா மட்டும் ஒரு பாயிண்டும் ஓடாது, தெர்மாமீட்டரை வச்சுக்கிட்டு வீட்டையே சுத்திச் சுத்தி வருவா. இவள மாதிரி ஒருத்தி எனக்குக் கிடைக்க மாட்டா.”

என் முறை வந்தது. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியவை வரிசையாக என் மனத்தில் இருந்தன. வாயைத் திறந்தால் முதலாவதே வரவில்லை.

“சீக்கிரம் புகழு ளா,” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “எல்லாரும் பசியோட இருக்காவ.”