பன்னிரண்டு மணி அதிகம்

என் பறப்புப் பதிவேட்டின் கடைசி மொத்தத்தில் பன்னிரண்டு மணி நேரம் அதிகம். கூட்டல் பிழை இல்லை. தெரிந்தே எழுதியது. விமானியின் பதிவேட்டில் ஒரு பக்கத்தின் மொத்தம் அடுத்த பக்கத்தின் தலையில் ஏறும். அப்படி அந்தப் பன்னிரண்டு மணியும் நான் ஓய்வுபெறும் வரை பக்கம் பக்கமாக என்னோடு வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘மேற்கண்டவை உண்மை’ என்று கையெழுத்திட்டிருக்கிறேன். மானங்கெட்ட கையெழுத்து. பார்க்க அழகாக வேறு இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். திருமலைராயன்பட்டினத்திலிருந்து நானும் சுரக்குடியிலிருந்து என் சிநேகிதனும் சென்னையில் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தோம். காரைக்கால் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், சென்னையிலும் ஒரே அறையில் இருந்தோம். அவன் வீட்டில் நெல் வயல். என் வாப்பா தண்டல், அதாவது பாய்க்கப்பலின் தலைவர். பினாங்கு வரை சுக்கான் பிடித்துவிட்டு முட்டிவலியால் கரையேறியவர்.

விமானியின் தகுதியை அப்போதும் மணிக்கணக்கில்தான் அளந்தார்கள். எத்தனை மணி நேரம் நீயே பொறுப்பேற்று ஓட்டியிருக்கிறாய் என்பதுதான் முதல் கேள்வி. எங்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பயிற்சி மன்றத்திலேயே உதவிப் பயிற்சியாளராக ஒட்டிக்கொள்ளலாம். மணி மளமளவென்று சேரும், ஆனால் எல்லாம் ஒற்றை எஞ்சின் மணி, பெரிய விமானக்காரர்கள் அதைப் பாதியாகத்தான் மதிப்பார்கள். வடக்கே ஒரு தேயிலைத் தோட்ட முதலாளி தன் சொந்த விமானத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். சம்பளம் நல்லதுதான், ஆனால் அவர் பறக்க நினைக்கும் நாளில்தான் நமக்கும் மணி. மூன்றாவது, பயணிகள் விமானத்தில் துணை விமானி வேலை. இரட்டை எஞ்சின், தொப்பி, ஒருநாள் கேப்டன் ஆகும் வழி. ஒரு கம்பெனி அதற்கு ஆள் கேட்டிருந்தது. குறைந்தது இருநூறு மணி இருக்க வேண்டும் என்றது.

அந்த இருநூறு எங்கள் தெருவுக்கே தெரியும். வாப்பா சொல்லி வைத்திருந்தார். மகனுக்கு இருநூறு மணி நிறைந்ததும் பாத்திஹா ஓதி, தெருவுக்கே நார்சா என்னும் நேர்ச்சைச் சோறு போடுவதாக நேர்ந்திருந்தார். விடுமுறையில் ஊருக்குப் போனால், கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாகூட, “எத்தினி மணி ஆச்சு தம்பி?” என்று கேட்டுவிட்டுத்தான் கூடையை இறக்குவாள்.

வாப்பாவுக்கு அந்தக் கணக்கு மட்டும் பிடிபடவே இல்லை. “கையில புடிச்சிருந்தாத்தான் மணியா? கூட ஒக்காந்து போனா இல்லையா?” என்று கேட்பார். “எங்க கப்பல்ல சமையக்காரனும் கடலோடிதான். ஏறுனவன் எல்லாருக்கும் அந்தப் பயணம் கணக்குதான்.” நான் சிரித்துக்கொண்டே மறுப்பேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர்.

ஐப்பசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் கட்டுப் போட வேண்டியதாயிற்று. எங்கள் பயிற்சி விமானத்தில் இரண்டே இருக்கை. ஓட்டுபவர் பின்னால், கூட வருபவர் முன்னால். கை சும்மா இருந்தாலும் கண் மறக்கக் கூடாது என்று சிநேகிதன் என்னை முன்னால் உட்காரவைத்துப் பறந்தான். மொத்தம் பன்னிரண்டு மணி. என் பதிவேட்டில் அந்தப் பறப்புகளுக்கு நேரே ‘பயணி’ என்று பென்சிலில் எழுதி, மணிக்குரிய கட்டத்தைக் காலியாக விட்டேன். மொத்தத்தையும் பென்சிலில் போட்டு வைத்துப் பிறகு மையேற்றுவது எங்கள் வழக்கம்.

கம்பெனிக்குப் பதிவேட்டைக் கொடுக்க வேண்டிய நாள் வந்தபோது எனக்கு நூற்று எண்பத்தொன்பது மணி. அவனுக்கு இருநூற்று ஐந்து. இதற்குள் வாப்பாவிடமிருந்து கடிதம் வந்திருந்தது. ஆட்டுக்குச் சொல்லிவிட்டாராம், தெருவுக்கும் சொல்லிவிட்டாராம்.

காலையில் அறையில் தனியாக உட்கார்ந்து அந்தக் காலிக் கட்டங்களை நிரப்பினேன். ‘பயணி’யை ரப்பரால் அழித்தேன். இருநூற்று ஒன்று என்று மையில் எழுதினேன். கை நடுங்கியது என்று சொன்னால் அது இன்னொரு பொய். நடுங்கவில்லை. கட்டுப் போட்ட கையால் எப்படி ஓட்டினாய் என்று யாரும் கேட்கவுமில்லை. மாதக் கடைசியில் கையெழுத்திடும் பயிற்சியாளர், பென்சில் பக்கமானாலும், எப்போதும் யாரோடாவது பேசிக்கொண்டேதான் கையெழுத்துப் போடுவார்.

மை காய்வதற்குள் சிநேகிதன் வந்துவிட்டான். பக்கத்தைப் பார்த்தான்.

“என்னடா இது, நான் ஓட்டுன மணியில்ல?”

“கூடத்தானேடா இருந்தேன். எங்க வாப்பா சொல்லுவாரு, கப்பல்ல ஏறுனவன் எல்லாரும் கடலோடிதான்னு.”

எத்தனையோ தடவை நான் சிரித்துத் தள்ளிய பேச்சு. அன்று அது எனக்குச் சட்டமாகிவிட்டது.

“கப்பல் வேற, இது வேறடா” என்றான். பக்கத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, “ரெண்டு பேரு புத்தகமும் ஒரே மேசைக்குத்தான் போவுது” என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஒரே விமானத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பொறுப்பில் இருக்க முடியாது. இரண்டையும் ஒருவர் சேர்த்துப் புரட்டினால் போதும், என் உரிமமே போய்விடும். எனக்கு அது தெரிந்தே இருந்தது. “பாத்துக்கலாம்” என்றேன். எதைப் பார்த்துக்கொள்வதாக நினைத்தேனோ!

அன்று மதியம் எங்கள் இருவர் விண்ணப்பத்தையும் அவன்தான் தயார் செய்தான். காரைக்கால் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், கொடுத்த பிறப்புச் சான்று பிரெஞ்சில் இருந்தது. அவன் பிரெஞ்சு என்னுடையதைவிட நன்றாக இருக்கும், இரண்டையும் அவனே மொழிபெயர்த்தான். பிறகு பதிவேடுகளை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

ஒரு வாரம் கழித்து நான் போய் அவற்றை வாங்கினேன். ஒரே நூலால் கட்டியிருந்தார்கள். என் புத்தகத்தில் நேர்முகத்துக்கு அழைப்புச் சீட்டு செருகியிருந்தது. அவன் புத்தகத்தில் சீட்டு இல்லை. புரட்டினேன். ஐப்பசிப் பக்கத்தில் அந்தப் பன்னிரண்டு மணியையும் அடிக்கோல் வைத்துச் சுத்தமாக அடித்திருந்தான். பக்கத்தில் ‘பயணி’ என்று எழுதி, ஒவ்வொரு வரியிலும் சுருக்கொப்பம் வைத்திருந்தான். மொத்தம் நூற்றுத் தொண்ணூற்று மூன்று.

ஏழு மணிதானே, ஒரு மாதத்தில் சேர்த்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது, தோன்ற வைத்துக்கொண்டேன். ஆனால் அவன் அப்பா கொடுத்திருந்த தவணை பொங்கல் வரைதான். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் அவன் ஊருக்குத் திரும்பி வயலைப் பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியும். நேர்முகத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளில் எந்த நாளும் நான் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் வேலையும் உரிமமும் போயிருக்கும், அவனுக்கு அழைப்பு வந்திருக்கும். அறைக்குத் திரும்பிப் புத்தகத்தை அவனிடம் நீட்டினேன். “கொண்டா” என்று வாங்கிப் பெட்டிக்குள் போட்டான்.

“ஏன்டா அடிச்சே?” என்று மட்டும் கேட்டேன்.

“உங்க வாப்பா ஆட்டுக்கெல்லாம் சொல்லி வச்சுட்டாரே” என்றான். சிரித்தான்கூட.

வேலை எனக்குக் கிடைத்தது. பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு வாப்பா நார்சா வைத்தார். நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து பாத்திஹா ஓதினார்கள். எங்கள் பக்கத்தில் விருந்தென்றால் பெரிய தட்டில், சகனில், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். வாப்பா என்னையும் சிநேகிதனையும் ஒரே சகனில் உட்காரவைத்தார். நெய்ச்சோற்றின் நடுவே இருந்த கறித்துண்டுகளை அவன் விரலால் என் பக்கம் தள்ளிக்கொண்டே சாப்பிட்டான். விருந்தாளி அவன். நான்தான் தள்ளியிருக்க வேண்டும்.

வாப்பா குனிந்து இன்னும் சோறு வைத்தார். “நீங்களும் சீக்கிரம் மணி சேத்துக்குங்க தம்பி. இவனப் பாருங்க, கையில கட்டுப் போட்டுக்கிட்டும் ஓட்டிச் சேத்துட்டான்” என்றார். நான்தான் கடிதத்தில் அப்படி எழுதியிருந்தேன்.

சிநேகிதன் நிமிர்ந்து வாப்பாவைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

“சேத்துக்கிறேங்க மாமா” என்றான்.

என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து உள்ளே போனேன். தண்ணீர்ச் சொம்பு அவன் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. குடங்களுக்கு அருகில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வெளியே வந்தபோது அவன் சுரக்குடிக்குக் கிளம்பிவிட்டிருந்தான். வீட்டுக்கென்று கொடுத்த சோற்றையும் வாங்கிக்கொண்டுதான் போயிருந்தான். அதற்குப் பிறகு அவன் விமானம் ஓட்டவில்லை.

வாப்பா வாசலில் நின்று தெருமுனை வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல புள்ளடா” என்றார். “மணிதான் பத்தாமப் போச்சு.”

“ஆமாங்க வாப்பா” என்றேன்.