மாமியும் அன்ரனோவும்

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான ஓடுபாதையில் என் மாமி குப்புறப் படுத்ததுதான், நான் முதன்முதலில் விமானம் ஏறிய நாளைப் பற்றி எனக்கு நன்றாக ஞாபகமிருப்பது. மாமி என்றால் அப்பாவின் தங்கை. லண்டனில் இருந்த மாமாவிடம் போய்ச்சேர அவர் கொழும்புக்குப் புறப்பட்டபோது, கண் வைத்தியத்துக்கென்று சிறுமியான என்னையும் கூட அனுப்பினார்கள். வெயிலில் வரிசையாக நின்றோம். எதிரே, சிறகுக்கு ஒன்றாக இரண்டு விசிறிகளோடு ஒரு அன்ரனோவ் விமானம். விமானி எதையோ சரிபார்க்க ஒரு விசிறியைச் சுழலவிட்டார். அவ்வளவுதான், மாமி கைப்பையை எறிந்துவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்து காதைப் பொத்திக்கொண்டார். தலையைத் தூக்கிப் பார்த்தால் வரிசையில் பாதிப்பேர் எங்களுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். சலவை வேட்டி கட்டிய ஒரு பெரியவர்கூட. பணிப்பெண் என்ன செய்வதென்று தெரியாமல் படியில் நின்றாள்.

அவர்களைக் குறைசொல்ல முடியாது. அந்த விமானத்தை சோவியத் நாட்டில் பயணிகளுக்கென்றுதான் செய்தார்களாம். கரடுமுரடான சின்ன ஓடுபாதையிலும் இறங்கக்கூடியது. பிறகு அதே உடம்பில் பின்பக்கம் பெரிய கதவு வைத்து இராணுவத்துக்கென்று தம்பிமாரைச் செய்தார்கள். எங்கள் ஊருக்கு முதலில் வந்து சேர்ந்தவர்கள் அந்தத் தம்பிமார்தான். சாமான் இறக்கவேண்டிய கதவால் குண்டை உருட்டிவிட்டார்கள். அந்த இரைச்சலைக் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிப் பழகிய சனத்திடம் அண்ணனை அனுப்பி, வாருங்கள், ஏறுங்கள் என்றால் கால் எப்படி முன்னுக்குப் போகும்?

அன்றைக்கு எல்லாரும் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு சிரித்தோம். மாமிதான் பெரிதாகச் சிரித்தார். ஆனால் கொழும்புப் பக்கம் இரத்மலானையில் இறங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை. இறங்கியதும், "இனி விசிறி வைச்ச பிளேனிலை நான் ஏறமாட்டன் பிள்ளை," என்றார். சொன்னபடியே இருந்தார். கனடாவுக்குப் போனார், சுவிசுக்குப் போனார், எல்லாம் ஜெட்டில்தான். அவர் வீடு லண்டனில் ஃபாரஸ்ட் கேட் என்ற பகுதியில். நானும் படித்து, வேலைக்கு வந்து, அதற்குக் கிட்ட பார்க்கிங் என்ற ஊரில் குடியேறியபிறகு, அவருக்கு டிக்கெட் போடுவது என் பொறுப்பாயிற்று. பிளேனின் படத்தைக் காட்டினால்தான் சம்மதிப்பார். எனக்கு அதில் எரிச்சலும் உண்டு, சிரிப்பும் உண்டு.

இந்த மாசி மாதம் அவருடைய மகளுக்கு, குறித்த நாளுக்கு முந்தி, சத்திரசிகிச்சையில் பெண்குழந்தை பிறந்தது. மகள் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையில் கடலில் இருக்கிற கேர்ன்சித் தீவில் டொக்டர். காற்றால் கப்பல் ஓடவில்லை. தீவுக்குப் போகிற விமானமோ விசிறி விமானம். மாமி ஒரு பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்துவிட்டு, "போடு டிக்கெட்டை" என்றார். நானும் கூடப் போனேன்.

கேட்விக் விமானநிலையத்தில், விமானப் படியடியில் மாமியின் கால் நின்றுவிட்டது.

"ஏலாது பிள்ளை. நீ போ. நான் ரெயினிலை வீட்டை போறன்."

"நீங்கள் வராட்டி பிள்ளையை ஆர் மாமி குளிப்பாட்டுறது? எனக்குத் தெரியாது."

மாமி விசிறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பணிப்பெண்ணிடம், "கண்ணை மூடிக்கொண்டு ஏறலாமோ?" என்று தமிழிலேயே கேட்டார். அந்த வெள்ளைக்காரப் பெண் என்ன விளங்கிக்கொண்டாளோ, கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். தீவில் இறங்கும்வரை மாமியின் நகம் என் மணிக்கட்டில் இருந்தது.

மகளின் வீடு விமானநிலையத்துக்குக் கிட்ட. அடுத்தநாள் மாமி குழந்தையை இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டி, துடைத்து, மடியில் போட்டு நித்திரையாக்கிவிட்டார். சாம்பிராணி போட்டால் அலாரம் அடிக்கும் என்று மகள் தடுத்ததில் மட்டும் கொஞ்சம் மனக்குறை. அந்த நேரம் ஒரு விமானம் தாழ்வாக, கூரைக்கு மேலால் இரைந்துகொண்டு வந்தது. மாமி அப்படியே குனிந்து தன் உடம்பால் குழந்தையை மூடிக்கொண்டார்.

சத்தம் கடலுக்கு மேலே போய் ஓய்ந்தபிறகுதான் மெல்ல நிமிர்ந்து மடியைப் பார்த்தார். குழந்தை அசையவேயில்லை. மாமிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எழும்பேல்லை, பாத்தியே," என்றார். "எங்கடை குடும்பத்திலை இந்தச் சத்தத்துக்கு நித்திரை கொண்டது இவள் ஒருத்திதான்."